பல்லுக்குக் கிளிப் போட்டது தெரியக் கூடாது: அலைனரா, லிங்குவலா, செராமிக்கா?

நாற்பது வயதில் பல்லுக்குக் கிளிப் போடப் போகிறேன் என்றதும் மாமியார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இனிமே யாரு பொண்ணு பார்க்க வர்றாங்க?" அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் எனக்கு அழகு மட்டும் பிரச்சினை இல்லை. கீழ்வரிசை முன்பற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, இடுக்கில் பிரஷ் போகாமல், அடிக்கடி ஈறு வீங்கிக்கொண்டிருந்தது. மேலே ஒரு தெத்துப்பல் வேறு. அதே சமயம், நான் திருச்சியில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் தமிழ் நடத்துகிறவள். வாய் நிறையக் கம்பியோடு போய் நின்றால் மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பட்டப்பெயர் தயாராகிவிடும். அதனால் டாக்டரிடம் நான் போட்ட முதல் நிபந்தனை, வெளியே தெரியக் கூடாது என்பது.

வயது ஒரு தடையே இல்லை என்றார் அவர். பல்லை ஒரு பக்கம் தள்ளினால், தள்ளும் பக்கத்தில் தாடை எலும்பு கரையும், மறுபக்கத்தில் புது எலும்பு வளரும். பதினைந்து வயதிலும் ஐம்பது வயதிலும் இதே வேலைதான். மாதத்துக்குச் சுமார் 1 மி.மீ. நகரும். ஈறுநோய் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் இருக்க வேண்டும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, மூன்று மாதிரிகளை மேசைமேல் வைத்தார்.

முதலில் என் கை போனது அலைனருக்குத்தான். யாருக்கும் அப்படித்தான் போகும். பல்வரிசைக்குத் தைத்த சட்டை மாதிரி, கண்ணாடிபோல் ஒரு பிளாஸ்டிக் உறை. 1997இல் கலிபோர்னியாவில் தொடங்கிய அலைன் டெக்னாலஜி என்ற கம்பெனி இன்விசலைன் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. இப்போது இந்தியாவிலேயே தயாரிக்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. ஓர் உறை பல்லைக் கால் மில்லிமீட்டர் அளவுக்கு நகர்த்தும். ஒரு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒன்று என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும். முப்பது உறை, பத்து நாளுக்கு ஒன்று என்றால் பத்து மாதம் என்று மனசு கணக்குப் போடும். பாதி வழியில் பல் திட்டப்படி வரவில்லையென்றால் திரும்ப ஸ்கேன் எடுத்துப் புதிய உறைகள் செய்வார்கள், அது சகஜம். ஆகவே பத்து மாதம் என்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

முழுக்கக் கண்ணுக்குத் தெரியாது என்பதும் சரியில்லை. உறைக்குப் பிடி வேண்டும் என்பதற்காகச் சில பற்களின் மேல் பல் நிறத்திலேயே சின்னச் சின்ன மேடுகளை ஒட்டுவார்கள். உறையைக் கழற்றினால் அவை விரலுக்குத் தட்டுப்படும், உற்றுப் பார்த்தால் கண்ணுக்கும் தெரியும்.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது மேடு இல்லை, காபி. நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் உறை வாயில் இருக்க வேண்டும். தண்ணீரைத் தவிர எதற்கும் கழற்றியாக வேண்டும். சூடு பட்டால் பிளாஸ்டிக் வளையும், சர்க்கரை உள்ளே தேங்கினால் பல் சொத்தையாகும். சரி, என் ஒரு நாளை எழுதிப் பார்த்தேன். விடியற்காலைக் காபி பத்து நிமிடம், டிபன் இருபது, பதினோரு மணி டீ பத்து, மதியச் சாப்பாடு இருபத்தைந்து, நாலு மணிக்கு டீயும் வடையும் இருபது, இரவுச் சாப்பாடு இருபத்தைந்து. மொத்தம் 110 நிமிடம். ஆறு தடவையும் பல் விளக்கிவிட்டுத்தான் திரும்ப மாட்ட வேண்டும், தடவைக்கு மூன்று நிமிடம் என்றாலும் 18. ஆக 128 நிமிடம். இரண்டு மணி நேரம் அதற்குள் தாண்டிவிட்டது, இன்னும் ஒரு கடலை மிட்டாய்கூடக் கடிக்கவில்லை. இருபது மணி நேரம் போதும் என்று தளர்த்திக்கொண்டாலும், ஸ்டாஃப் ரூமில் பத்துப் பேர் பார்க்க வாயிலிருந்து எச்சில் இழையோடு அதை உருவி எடுப்பதை நினைத்துப் பார்த்தேன். கம்பி தெரிவதே தேவலாம்.

என் தம்பிக்கு இந்தக் கூச்சமெல்லாம் இல்லை. பெங்களூரில் ஐடி வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. அவன் அலைனர்தான் போட்டான், பதினாலு மாதத்தில் நன்றாகவும் முடிந்தது. நடுவில் ஒரே ஒரு விபத்து. சித்தப்பா மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவன், உறையைக் கழற்றி டிஷ்யூ பேப்பரில் சுற்றி இலை ஓரமாக வைத்திருக்கிறான். பாயசம் முடிந்து இலையை மடித்துவிட்டு எழுந்து, கை கழுவி, போட்டோவுக்கும் நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது. மண்டபத்தின் பின்பக்கம் இலைக் குவியலுக்கு முன்னால் அக்காவும் தம்பியுமாக நின்றோம். "அக்கா, தேடலாமா?" என்றான். வேண்டாம்டா என்று இழுத்துக்கொண்டு வந்தேன். நல்லவேளை, அடுத்த உறை ஊரில் இருந்தது. டாக்டரைக் கேட்டுவிட்டு அதற்கு மாறிக்கொண்டான். அலைனர் போடுகிறவர்கள் டப்பா இல்லாமல் வெளியே போகக் கூடாது, முந்தைய உறையையும் தூக்கி எறியக் கூடாது.

அவனுக்கு ஒத்துவந்ததற்கு இன்னொரு காரணம், அவனுடையது லேசான இடைவெளிப் பிரச்சினை. உருண்டையான பற்களைத் திருப்புவது, மேலே ஏறி நிற்கும் பல்லைக் கீழே இழுப்பது, பல்லைப் பிடுங்கிய இடத்தைப் பெரிதாக மூடுவது, இவற்றில் அலைனர் கொஞ்சம் திணறும். என் தெத்துப்பல் இரண்டாவது ரகம்.

டாக்டரையே பார்க்காமல், வீட்டிலேயே அச்செடுத்து அனுப்பி, உறையைத் தபாலில் வாங்கிக்கொள்ளும் முறையும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் அப்படி விற்ற ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் கதவைச் சாத்தியது, பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். கம்பெனி மூடுவதைவிடப் பெரிய ஆபத்து, வேரும் எலும்பும் எப்படி இருக்கின்றன என்று எக்ஸ்ரேயில் பார்க்காமல் பல்லை நகர்த்துவது. இதில் நான் இரண்டு பக்கமும் பேச மாட்டேன். எந்த வழியானாலும் பிடிஎஸ் என்ற பல் மருத்துவப் பட்டம் முடித்த பிறகு பல் சீரமைப்பில் மூன்று வருடம் எம்டிஎஸ் மேற்படிப்பும் படித்தவர் நேரில் பார்க்கட்டும்.

லிங்குவல் என்பது பல்லின் பின்பக்கம், நாக்குப் பக்கம் ஒட்டும் கம்பி. 1970களில் ஜப்பானில் கின்யா ஃபுஜிடாவும் அமெரிக்காவில் கிரேவன் கர்ஸும் தனித்தனியாக இதில் இறங்கினார்கள். தற்காப்புக் கலை பழகுகிறவர்கள் முகத்தில் அடி வாங்கும்போது கம்பி குத்தி உதடு கிழியாமல் இருக்கட்டும் என்பது ஃபுஜிடாவின் எண்ணம். மூன்றிலும் உண்மையிலேயே வெளியே தெரியாதது இது ஒன்றுதான். சிக்கலான பல்வரிசைக்கும் கைகொடுக்கும். விலைதான் கண்ணைக் கட்டும், செய்யத் தெரிந்த டாக்டர்களும் குறைவு. முதல் சில வாரம் நாக்கு புண்ணாகும், பேச்சு குழறும்.

ழகரம் போய்விடுமோ என்பதுதான் தமிழ் டீச்சரின் முதல் பயம். டாக்டர் கொஞ்சம் மெழுகை எடுத்து என் மேல்பல்லின் பின்பக்கம் ஒட்டி, "பேசிப் பாருங்க மேடம்" என்றார். வாழைப்பழம் வழுக்கி விழுந்தது எல்லாம் ஒழுங்காகவே வந்தது. ழகரத்துக்கு நாக்கு பின்னால் வளைகிறது, பல்லுக்கு அதில் வேலையில்லை. மாட்டிக்கொண்டது தகரமும் நகரமும். இரண்டுக்கும் நாநுனி மேல்பல்லின் அடியில் போய் ஒற்ற வேண்டும். எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று சொல்லும் பிறப்பியலை வருடா வருடம் நடத்துகிறேன், என் வாயில் மெழுகு ஒட்டிய பிறகுதான் அது உறைத்தது. தகரம் மட்டுமே வரும் தனிப்பாடல் ஒன்றைச் சொல்லிப் பார்த்தேன். நர்ஸ் சிரித்துவிட்டார். பழகிவிடும் என்றார் டாக்டர், பெரும்பாலானவர்களுக்குப் பழகிவிடுவதும் உண்மைதான். ஆனால் ஒரு நாளைக்கு ஆறு பீரியட் பேசுகிறவளுக்கு அந்தச் சில வாரம் ரொம்ப நீளம்.

மிச்சம் செராமிக். சாதாரண கிளிப்தான், உலோகத்துக்குப் பதில் பல் நிறத்தில் அலுமினியம் ஆக்ஸைடு. குறுக்கே ஓடும் கம்பி மட்டும் உலோகம். வெள்ளைப் பூச்சுப் பூசிய கம்பியும் கிடைக்கும், ஆனால் பூச்சு உரிந்துவிடும். நாலடி தள்ளி நிற்பவருக்குச் சட்டென்று தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும். உலோக கிளிப்பைவிடச் சற்றுப் பருமன், உடையவும் கூடும். பல் எனாமலைவிடக் கடினமானது என்பதால் கீழ்ப்பல்லில் ஒட்டினால் கடிக்கும்போது மேல்பல்லைத் தேய்த்துவிடலாம். அதனால் எனக்கு மேலே செராமிக், கீழே உலோகம். பேசும்போது கீழ்வரிசை என் உதட்டுக்குள் மறைந்துவிடுகிறது. உங்கள் உதடு எப்படி என்று கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பாருங்கள்.

எனக்குச் சொன்ன தொகை: முழு உலோகம் 35,000, செராமிக் 50,000, இந்திய அலைனர் 90,000, லிங்குவல் ஒன்றரை லட்சத்துக்கு மேல், வெளிநாட்டு அலைனர் இரண்டரை லட்சம். ஊருக்கு ஊர், வாய்க்கு வாய் மாறும். பணமும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

செராமிக் போட்டு மூன்று வாரம் வகுப்பில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நான்காவது வாரம் முதல் பெஞ்ச் பெண் எழுந்து, "மிஸ், உங்க பல்லுல சாம்பார் ஒட்டியிருக்கு" என்றாள். சாம்பார் இல்லை. கம்பியை கிளிப்போடு பிடித்து வைக்கும் சின்ன ரப்பர் வளையங்கள் மஞ்சள் தூளைக் குடித்துப் பழுத்த எலுமிச்சை நிறத்தில் இருந்தன. செராமிக்கில் கறை ஏறாது, வளையத்தில் ஏறும். மாதம் ஒரு தரம் மாற்றுவார்கள், நம் சமையலுக்கு மூன்று நாள் தாங்கும். அடுத்த முறை சாம்பல் நிற வளையம் கேட்டு வாங்கினேன், கறை அவ்வளவாகத் தெரியவில்லை. வளையமே தேவைப்படாத செராமிக் கிளிப்பும் உண்டு, விலை கூடுதல். முறுக்கு, கரும்பு, மாங்கொட்டை மூன்றையும் 22 மாதம் தொடவில்லை. கரும்பு இல்லாத பொங்கல்தான் கஷ்டமாக இருந்தது.

எந்த வழியில் போனாலும் கடைசியில், நகர்த்திய பல்லை அங்கேயே பிடித்து வைக்கும் ரிட்டெய்னர் உண்டு, இதை யாரும் முதலிலேயே அழுத்திச் சொல்வதில்லை. விட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்பும். எனக்குக் கீழ்ப்பல்லின் பின்னால் மெல்லிய கம்பி ஒட்டியிருக்கிறார்கள், மேலே ராத்திரிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. எந்த உறையிலிருந்து தப்பி ஓடினேனோ, அதே மாதிரி உறை. தம்பிக்கும் அதேதான், டப்பாகூட ஒரே நீல நிறம். போன பொங்கலுக்கு அவன் வந்திருந்தபோது பாத்ரூம் ஷெல்பில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. காலையில் எழுந்த மாமியார் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, "இது யாரோட பல்லு?" என்றார். இப்போது டப்பாமேல் மார்க்கரில் பெயர் எழுதியிருக்கிறோம்.