தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள்: வீட்டில் உடற்பயிற்சிக் கருவி வாங்கலாமா?

சேலம் அம்மாப்பேட்டையில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். காலை 9 மணிக்கு மெஷினில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். தீபாவளி நேரத்தில் அதுவும் தள்ளிப்போகும். 2021-இல் ரத்தப் பரிசோதனை எடுத்தபோது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 7.6 சதவீதம் என்று வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "உட்கார்ந்தே இருக்கறதைக் குறைங்கம்மா" என்றார். அதிலிருந்து இன்று வரை கருவிகளுக்காக 40,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்திருக்கிறேன். எது உழைத்தது, எது உழைக்கவில்லை என்று சொல்கிறேன்.

வெளியே நடந்தால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். நடந்து பார்த்தேன். காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரமும் நடக்கப் போகும் நேரமும் ஒன்றாக இருந்தது. ஏப்ரல், மே வந்துவிட்டால் சேலத்து வெயில் ஏழரைக்கே முகத்தில் அடிக்கும். குமரகிரி கோயில் படியும் ஏறினேன். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை, இறங்கும்போதுதான் முட்டி பிடித்துக்கொண்டது. படி இறங்குகையில் உடம்பின் பாரத்தை ஒவ்வொரு தடவையும் முட்டிதான் தாங்கி நிறுத்த வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சரி என்று 2022-இல் தவணையில் ஒரு டிரெட்மில், அதாவது ஓடும் பெல்ட்டின் மேல் நின்ற இடத்திலேயே நடக்கும் கருவி, வாங்கினோம். 28,000 ரூபாய். அட்டைப்பெட்டியில் 4 எச்.பி. என்று பெரிதாக அச்சடித்திருந்தது. அது மோட்டார் கொஞ்ச நேரம் மட்டும் எட்டக்கூடிய உச்ச சக்தி. நிற்காமல் ஓடும்போது தருகிற சக்தி அதைவிடக் குறைவு. கடையில் கேட்டு வாங்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைத்தான். நாங்கள் கேட்கவில்லை.

ஓடும் பெல்ட்டுக்கு அடியில் அவ்வப்போது எண்ணெய் விட வேண்டும். என் வீட்டுக்காரர், "அதான் மெஷின் எண்ணெய் இருக்கே, விட்டுடலாமா?" என்று தையல் மெஷின் எண்ணெய்ப் புட்டியோடு வந்துவிட்டார். நல்லவேளையாக நான் கையேட்டைப் படித்திருந்தேன். டிரெட்மில்லுக்கு சிலிகான் எண்ணெய் மட்டும்தான் விட வேண்டும். தையல் மெஷின் எண்ணெய் இரும்பும் இரும்பும் உரசும் இடத்துக்கு ஏற்றது, பெல்ட்டில் விட்டால் பெல்ட்டையே கெடுத்துவிடும். இந்த ஒரு விஷயத்தைக் கடையில் யாரும் சொல்லவில்லை.

வாங்கிய பதினொன்றாம் மாதம், நான் நடந்துகொண்டிருக்கும்போதே டிரெட்மில் நின்றுவிட்டது. பழுது பார்க்கிறவர் வேறு ஊரிலிருந்து வர வேண்டும். முதல் தடவை பத்து நாள், இரண்டாம் தடவை மூன்று வாரம் காத்திருந்தோம். தெருவில் வோல்டேஜ் இறங்கி ஏறுவதால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு போனது என்றார். ஸ்டெபிலைசர் வேண்டும் என்று விற்கும்போதே சொல்லியிருக்கலாம். கடைசியில் 9,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் பழுதாவதற்கு முன்பே அதில் ஏறுவது குறைந்துவிட்டது. அதை மாடி அறையில்தான் வைக்க முடிந்தது. ஒரு ரவிக்கையை முடித்துவிட்டு மாடி ஏறி, ஷூ மாட்டி, டிரெட்மில்லை விரித்து நடக்க ஆரம்பித்தால் கீழே வாசலில் "அக்கா!" என்று யாராவது கூப்பிடுவார்கள். காலெண்டரில் டிக் போடும் பழக்கம் எனக்கு உண்டு. கடைசி மூன்று மாதத்தில் 11 டிக்தான் இருந்தது. தரைத்தளத்தில் தனி அறையும், பழுது பார்க்க உள்ளூரிலேயே ஆளும் இருப்பவர்களுக்கு டிரெட்மில் நல்ல பொருள்தான். அடுத்தடுத்து ஒட்டிக் கட்டிய வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்லமாட்டேன். காலடிச் சத்தம் சுவர் தாண்டிப் போகும்.

அப்புறம் வாங்கியதுதான் நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள். ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் 11,500 ரூபாய். இந்தத் தடவை பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். விலை குறைந்த சைக்கிள்களில் சக்கரத்தின் மேல் ஒரு துணிக்கட்டை அழுத்தி உரசும். நாளாக ஆகத் தேயும், சத்தமும் வரும். நான் வாங்கியதில் காந்தம். அது சக்கரத்தைத் தொடுவதே இல்லை. குமிழைத் திருப்பினால் காந்தம் சக்கரத்தின் அருகே வரும், மிதிப்பது கனமாகும். தேய்மானமும் இல்லை, சத்தமும் இல்லை. கரண்ட் வேண்டாம், திரைக்கு மட்டும் இரண்டு பென் பேட்டரி.

அதைத் தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே போட்டேன். இதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே ஏறிவிடலாம். மதியம் சாப்பிட்டு முடித்ததும் 15 நிமிடம், இரவு சாப்பிட்டதும் 15 நிமிடம். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சர்க்கரை ஏறும் நேரத்தில் தொடைத் தசை வேலை செய்தால், அது அந்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. அதனால் நேரத்தை விடாமல் பிடித்துக்கொண்டேன். வாடிக்கையாளர் வந்தால் ஓட்டிக்கொண்டே அளவு நோட்டைப் பார்த்துப் பேசிவிடுகிறேன். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனக்கு 200 தாண்டுகிறது. மாத்திரையும், சோற்றைக் குறைத்ததும் சேர்ந்து, சைக்கிள் வாங்கிய எட்டாவது மாதம் 7.6 என்பது 6.7 ஆகியிருந்தது. மூன்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது. ஆனால் சாயங்காலம் வந்துகொண்டிருந்த கால் வீக்கம் குறைந்தது சைக்கிளால்தான் என்று நம்புகிறேன்.

சீட் உயரத்தை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். மிதி கீழே போகும்போது முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். சீட் தாழ்வாக இருந்தால் முட்டி வலிக்கும். முதல் வாரம் எனக்கு வலித்தது, சீட் கம்பியை இரண்டு ஓட்டை ஏற்றிய பிறகு நின்றது. திரையில் காட்டும் கலோரிக் கணக்கை நம்ப வேண்டாம். என் எடையைக் கேட்காமலே கணக்குச் சொல்கிற கருவி அது.

டம்பெல் 2 கிலோ ஜோடி ஒன்று, 3 கிலோ ஜோடி ஒன்று இருக்கிறது. வார்ப்பிரும்பு வாங்குங்கள். பிளாஸ்டிக் கூட்டுக்குள் சிமெண்ட் அடைத்தது கீழே விழுந்தால் விரிசல் விடும். ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுப்பது, குனிந்தே தைக்கிற தோளுக்கு அவ்வளவு இதமாக இருக்கிறது. 600 ரூபாய்க்கு இதைவிட நல்ல செலவு நான் செய்ததில்லை. மொட்டை மாடியில் போட்டு வைத்த முதல் பட்டை வெயிலில் வெடித்துப் போனது, நிழலில் வையுங்கள். இடுப்பில் கட்டி அதிர வைக்கும் பெல்ட்டையும் கடையில் காட்டினார்கள். அதில் போவது வியர்வைத் தண்ணீர், கொழுப்பு இல்லை. அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

எதிர்வீட்டு அக்கா இப்போது மூன்று மணிக்கு வந்து என் சைக்கிளில் கொஞ்ச நேரம் ஓட்டுகிறார். அவருக்கு சீட் மூன்றாவது ஓட்டையில் வைக்க வேண்டும், எனக்கு ஐந்தாவது. பழையதாக ஒன்று கிடைத்தால் வாங்கலாம் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டில் பார்க்கப் போகிறோம். மிதியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும், ஆடினால் அது வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.