காங்கேயம் கொரங்காடு ஒருநாள் சுற்று: வேலிக்காகவே போகலாம்

காங்கேயம் பக்கம் கொரங்காட்டையும் (வேலி கட்டிய மேய்ச்சல் நிலம்) கொடுமணலையும் காட்ட ஒருத்தர் நடத்துகிற ஒருநாள் சுற்றுக்கு நானும் மாமனாரும் போய்வந்தோம். வேன், மத்தியானச் சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 900 ரூபாய். ஏழு மணிக்கு வரவேண்டிய வேன் எட்டேகாலுக்குத்தான் வந்தது, அதற்கே ஒரு நட்சத்திரம் போச்சு.

மாமனார் கோபிக்காரர் (கோபிசெட்டிபாளையம்), வாய்க்கால் பாசனத்திலேயே வளர்ந்தவர். கொரங்காட்டைப் பார்த்ததும் "பொட்டக்காடு, இதுக்கா இத்தனை தூரம்?" என்றார். கூட்டிப்போன அண்ணன் ஒன்றும் சொல்லாமல் வேலியின் படலைத் திறந்து உள்ளே விட்டார். முழங்கால் உயரத்துக்குக் கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல் மரம், சுற்றிலும் முள்கிளுவை வேலி. இங்கே மழை வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் சுமார்தான், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும், மண்ணும் ஆழமில்லாத சரளை. அதனால்தான் உழவை நம்பாமல் புல்லை நம்பி, மேய்ச்சலுக்கென்றே காட்டைப் பிரித்து வேலி கட்டிவைத்திருக்கிறார்கள்.

"ஏனுங் தம்பி, மேய்க்க ஆள் வேண்டாமா?"

"எதுக்குங்கய்யா, படலைச் சாத்திட்டாப் போதும், அது பாட்டுக்கு மேயும்."

ஒரு காங்கேயம் மாடு கன்றோடு நின்றது, தாய் வெள்ளை, கன்று செம்மண் நிறம். ஆறு மாசத்தில் நிறம் மாறிவிடுமாம். மாமனார் அதை விட்டு நகரவே இல்லை.

அப்புறம் கொடுமணல். நொய்யல் வடகரை, 2,000 வருஷத்துக்கு முந்தைய ஊர். இரும்பு உருக்கியிருக்கிறார்கள், கல்லை அறுத்து மணி செய்திருக்கிறார்கள், பதிற்றுப்பத்தில்கூடக் கொடுமணம் என்று வருகிறது. மணிக்கு வேண்டிய பச்சைக்கல் (பெரில்) கிடைக்கிற படியூர் பக்கத்திலேயே இருக்கிறது, பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கரைக்கும் இந்தப்பக்கம் கரூருக்கும் வழி. ஆற்றங்கரை ஊர்தான், ஆனாலும் கல்லும் வழியும்தான் ஆளை இழுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அங்கே எங்களைக் கொண்டுபோய் விட்டது உச்சிவெயிலில். அகழாய்வுக்குத் தோண்டிய குழியெல்லாம் மூடியாச்சு, பழைய ஈமக்காட்டுக் கல்வட்டங்களைப் பார்க்க நிழலில்லாமல் நடக்கணும். பத்து நிமிஷத்தில் பாதிப் பேர் வேனுக்குத் திரும்பிவிட்டார்கள்.

கம்பங்கூழ் என்று சொல்லிவிட்டுப் பார்சல் தக்காளி சாதம் கொடுத்ததை என்ன சொல்ல.

ஐந்துக்கு மூன்றரை. போகிறவர்கள் கொடுமணலைக் காலையில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், தண்ணீரும் கையோடு எடுத்துப் போங்கள். மாமனார் அந்த அண்ணனிடம் கிளுவைப் போத்து (நடுகிற கிளைத்துண்டு) இரண்டு வாங்கிவந்து கோபியில் வரப்போரம் நட்டார். ஒன்று துளிர்த்திருக்கிறதாம்.