ஓட்டையை அடைத்தார்கள், அட்டையைக் கொடுக்கவில்லை

மதுரையில் அண்ணன் மகளுக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே இருந்த ஓட்டையை நெஞ்சைத் திறக்காமலேயே அடைத்துவிட்டார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். டொரண்டோவில் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்கவே மாதக்கணக்கில் காத்துக் கிடக்கிறோம். இங்கே எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்த வாரமே தேதி கிடைத்தது. என் கோபமெல்லாம் டிஸ்சார்ஜ் அன்று நடந்ததைப் பற்றித்தான்.

பில் கட்டியாயிற்று. ஃபைலில் மாத்திரைச் சீட்டு, எக்கோ ரிப்போர்ட் எல்லாம் இருக்கிறது. ஓட்டையை அடைக்க உள்ளே வைத்த டிவைஸின் அட்டையை மட்டும் காணோம். என்ன கம்பெனி, என்ன அளவு, வரிசை எண் என்ன என்று போட்டிருக்கும் அட்டை. கேட்டால், "பில்லிலேயே டிவைஸ்னு இருக்கே மேடம்" என்கிறார் கவுன்டர்காரர். விலை இருக்கிறது, சரி. அளவு எங்கே?

இப்படி டிவைஸ் வைத்து அடைப்பது எல்லா ஓட்டைக்கும் ஒத்துவராது. நடுச்சுவரில், சுற்றிலும் போதிய விளிம்பு இருக்கிற செகண்டம் வகைக்குத்தான். தொடை இடுக்கில் ரத்தக்குழாய் வழியாகப் போய், நிட்டினால் என்கிற உலோகக் கம்பியில் பின்னிய இரண்டு தட்டுகளைச் சுவரின் இரு பக்கமும் விரித்துவிடுகிறார்கள். சில மாதங்களில் அதன்மேல் திசு படர்ந்துவிடும். ஆறு மாதம் ஆஸ்பிரின். அதற்குள் பல் பிடுங்கப் போனால் முன்கூட்டியே ஆன்டிபயாடிக். அப்புறம் ஆயுளுக்கும் அது உள்ளேதான். நாளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால், உடம்பில் என்ன உலோகம் என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தப் பிள்ளை என்ன சொல்லும்?

என் மாமியாருக்கு டொரண்டோவில் பேஸ்மேக்கர் வைத்தபோது வீட்டுக்கு அனுப்பும் முன்பே அட்டையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இங்கே, "கேஸ் ஷீட் ரெக்கார்ட்ஸுக்குப் போயாச்சு, திங்கட்கிழமை வாங்க." அண்ணன் வேறு, "விடும்மா, இதுக்கெல்லாமா சண்டை" என்கிறார். பெரியாஸ்பத்திரி ஓ.பி. சீட்டைக்கூடப் பீரோவில் பூட்டி வைத்த அப்பாவின் பிள்ளை சொல்கிற பேச்சா இது!

கடைசியில் இந்தச் சிகிச்சை நடக்கிற கேத் லேப் வாசலில் நின்ற டெக்னீஷியன் தம்பிதான் கை கொடுத்தார். உள்ளே போய், ரெஜிஸ்டரில் செருகியிருந்த ஸ்டிக்கர்களில் ஒன்றை எடுத்து வெள்ளை அட்டையில் ஒட்டி, தேதி போட்டு, டாக்டரிடம் கையெழுத்தும் வாங்கி வந்தார். 18 மி.மீ. என்று பளிச்சென்று தெரிந்தது. "பெட்டிக்குள்ளேயே கார்டு வரும்க்கா, யாரும் கேக்கறதில்லை" என்றார். கேட்காவிட்டால் கொடுக்கக் கூடாதா?

அதைப் படம் எடுத்து வீட்டில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். ஆறாம் மாத எக்கோவுக்குப் போகும்போது ஒரிஜினல் அட்டையை வாங்காமல் வரக்கூடாது என்று அண்ணனிடம் கறாராகச் சொல்லியிருக்கிறேன்.