எம்டி 90 என்ஜின் ஒயில் சீல்: மணலிலும் சேற்றிலும் எது தாங்குகிறது, எது தாங்கவில்லை

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் மணல், மேற்கே படுவான்கரையில் சேறு. வாவியின் எந்தப் பக்கம் ஓடினாலும் எம்டி 90, சி 90 போன்ற பழைய ஹொண்டாக்களின் இடது பக்கத்தில் ஒரு நாள் ஒயில் கசியத் தொடங்கும். கராஜில் பார்த்த உடனே "சீல் போயிட்டு" என்பார்கள். சீல் என்பது ஷாஃப்டை (சுழலும் தண்டை)ச் சுற்றி நின்று ஒயிலை உள்ளே மறிக்கும் றப்பர் வளையம். புதுச் சீல் அடித்தால் கசிவு நிற்கும், சில மாதத்தில் திரும்ப வரும். நெடுங்காலப் பாவனையில் தெரிவது, சீல் தானாகக் கெடுவது குறைவு என்பதுதான். ஷாஃப்ட், செயின், என்ஜினின் உள் அழுத்தத்தை வெளியே விடும் மூச்சுக் குழாய் ஆகியவற்றில் ஏதோ ஒன்று அதைக் கெடுக்கிறது. அதைத் தேடாமல் சீலை மட்டும் மாற்றுவது காசுக்குக் கேடு.

முதலில் கசிவு எங்கிருந்து வருகிறது என்று உறுதிப்படுத்த வேண்டும். இந்த என்ஜினின் இடது பக்கத்தில் முன் ஸ்ப்ரொக்கட் (செயினை இழுக்கும் பற்சக்கரம்) சீல், கியர் ஷாஃப்ட் சீல், நியூட்ரல் சுவிட்சின் றப்பர் ஆகிய மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எது கசிந்தாலும் ஒயில் வடிந்து சொட்டும் இடம் ஒன்றுதான். நியூட்ரல் சுவிட்ச் கசிவுக்கு ஸ்ப்ரொக்கட் சீல் மாற்றிய வண்டிகள் ஏராளம். இடது கவரைக் கழற்றி, அப்பியிருக்கும் சேற்றைக் குச்சியால் சுரண்டி, மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு கழுவி, துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு அந்த இடம் முழுவதும் குழந்தைப் பவுடரை மெல்லியதாகத் தூவி, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் வைத்து, கியர் போடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். பவுடர் முதலில் கறுக்கும் இடம்தான் கசியும் இடம். செயினுக்கு அடித்த ஒயில் தெறித்ததை என்ஜின் கசிவு என்று நினைப்பவர்களும் உண்டு. கியர் போடாதபோது செயின் சுற்றாததால் அந்தக் குழப்பமும் இதில் தீர்ந்துவிடும்.

சீல் வாங்கும்போது மாடல் பெயரை நம்பாதீர்கள். பல வண்டிகளில் என்ஜின் மாறியிருக்கும், உள்ளே வேறு மாடலின் ஷாஃப்ட் இருக்கும். பழைய சீலின் முகத்தில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். 17 29 5 என்றிருந்தால் உள் விட்டம் 17, வெளி விட்டம் 29, தடிப்பு 5 மில்லிமீட்டர். எண் அழிந்திருந்தால் வேர்னியரால் ஷாஃப்டையும் கேஸின் துவாரத்தையும் அளக்க வேண்டும். பழைய சீலையே அளந்தால் தேய்ந்த அளவுதான் வரும். எஸ்சி (SC) என்றால் ஷாஃப்டை உரசும் றப்பர் விளிம்பு, அதாவது உதடு, ஒன்றுதான்; டிசி (TC) என்றால் வெளிப்பக்கம் தூசு மறிக்கும் இரண்டாவது உதடும் உண்டு. கல்லடி, காத்தான்குடி, கல்முனை போன்ற மணல் பிரதேசங்களில் ஸ்ப்ரொக்கட்டுக்கு டிசியைத்தான் தேட வேண்டும்.

கடையில் கம்பியில் கோத்துத் தொங்கவிட்ட சீலை எடுக்காதீர்கள், உதடு ஒரு பக்கம் இழுபட்டிருக்கும். நகத்தால் உதட்டை அழுத்தினால் உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். மெதுவாகத் திரும்பினால் றப்பர் இறுகிவிட்டது. கறுப்பு நைட்ரில் றப்பர் இந்த என்ஜினுக்குப் போதும். அதைவிட அதிக சூடு தாங்கும் வைட்டன் சீலுக்கு கூடுதல் பணம் கொடுப்பதானால் மெக்னட் (மின்சாரம் உண்டாக்கும் காந்தச் சக்கரம்) பக்கத்து கிராங்க் சீலுக்குக் கொடுங்கள். சூடு குறைந்த ஸ்ப்ரொக்கட் பக்கத்தில் அது வீண். பாவனையில் ஜப்பானிய நொக் (NOK) சீல்கள் பல வருடம் நின்றிருக்கின்றன. பெயரில்லாத மலிவுப் பொதிச் செட்டில் கிக் சீலும் கியர் சீலும் பரவாயில்லை, ஸ்ப்ரொக்கட் சீல்தான் முதலில் இறுகுகிறது.

ஸ்ப்ரொக்கட், கியர், கிக் ஆகிய மூன்று சீலுக்கும் என்ஜினைப் பிளக்கத் தேவையில்லை. பிளக்க வேண்டும் என்று எவராவது சொன்னால் வேறு கராஜ் பாருங்கள். பெற்றோல் கொக்கை மூடி, வண்டியை வலப் பக்கம் சாய்த்து வைத்தால் ஒயில் வடிக்காமலே இடப் பக்கத்து வேலை முடிந்துவிடும். முன் ஸ்ப்ரொக்கட்டைப் பிடித்திருக்கும் தகட்டில் இரண்டு சின்ன போல்ட், 10 மில்லிமீட்டர் சாவி போதும். கழற்றியதும் சீலின் இரும்பு முகத்தில் 2 மில்லிமீட்டர் துவாரம் ஒன்று போட்டு, சிறிய ஸ்க்ரூவை நாலைந்து சுற்று ஏற்றி, குறட்டால் இழுத்தால் சீல் வெளியே வரும். துளைக்கும் நுனியில் கிரீஸ் பூசினால் இரும்புத் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். ஆழமாகத் துளைத்தால் பின்னால் இருக்கும் பெயரிங் காயப்படும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுப்பது வேகமான வழிதான், ஆனால் அலுமினியத் துவாரத்தில் கீறல் விழுந்தால் புதுச் சீலின் வெளி விளிம்பு வழியாகவே கசியும்.

இனி ஷாஃப்டைத் தடவிப் பார்க்க வேண்டும். முழு வேலையிலும் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான். பழைய உதடு உரசிய இடத்தில் வளையம் போல ஒரு பளபளப்புக் கோடு இருக்கும். நகம் அதில் தடுக்காவிட்டால் 600 இலக்க ஈர உப்புத்தாளால் சுற்றுவாக்கில் மெல்லத் தேய்த்தால் போதும். நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கீறல்களே ஒயிலுக்கு வழியாகிவிடும். நகம் தடுக்கினால் அது பள்ளம். மணல் உதட்டில் சிக்கி ஷாஃப்டையே அரைத்திருக்கிறது. அதற்குப் புதுச் சீலை வழக்கமான ஆழத்துக்கு அடிக்காமல் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்க விட்டால் உதடு தேயாத இடத்தில் உட்காரும். பலரும் செய்யாத சின்ன வேலை, சீலின் ஆயுளை இதுபோல நீட்டுவது வேறொன்றில்லை. ஸ்ப்ரொக்கட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். உள்ளும் வெளியும் சிறிது ஆடுவது வழமை. மேல் கீழ் ஆட்டம் கையில் தெரிந்தால் பெயரிங் போய்விட்டது, எந்தச் சீலும் அங்கே நிற்காது. அப்போதுதான் என்ஜினைப் பிளக்கும் பேச்சு.

ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஒயிலை நோக்கி உள்ளே போக வேண்டும். உதட்டில் என்ஜின் ஒயில், டிசி என்றால் இரண்டு உதட்டுக்கும் நடுவில் கொஞ்சம் கிரீஸ். ஷாஃப்டின் பற்கள் உதட்டைக் கிழிக்காமல் இருக்க ஒயில் தடவிய மெல்லிய பொலித்தீன் உறையைச் சுற்றி அதன் மேல் வழுக்கி ஏற்றுங்கள். அடிப்பதற்கு, சீலின் வெளி விட்டத்தை விடக் கொஞ்சம் சிறிய சொக்கட் அல்லது நேராக அறுத்த பிவிசி குழாய்த் துண்டு. ஒரு பக்கமாகச் சரிந்து போனால் திருத்தி அடிக்காதீர்கள், எடுத்துவிட்டு வேறு சீல் போடுங்கள். சிலிக்கன் கம் அப்புவது கெட்ட பழக்கம். பிதுங்கிய துணுக்கு உள்ளே விழுந்து ஒயில் வலையை அடைக்கும்.

மெக்னட் பக்கத்து கிராங்க் சீல் கசிந்தால் ஒயில் பொயின்டில் (தீப்பொறியை நேரத்துக்கு விடும் தொடுமுனையில்) படிந்து வண்டி ஸ்டார்ட் எடுக்கக் கஷ்டப்படும். அதற்கு மெக்னட் கழற்றும் புல்லர் வேண்டும். அதன் திருகுப் புரி அளவு மாடலுக்கு மாடல் மாறும். சுத்தியலால் தட்டிக் கழற்றினால் கிராங்க் போகும். மெக்னட்டின் கம்பிச் சுருள்கள் இருக்கும் ஸ்டேட்டர் தட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓ-ரிங்குகளையும் அதோடு மாற்றிவிடுங்கள். அவற்றை விட்டுச் சீலை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் அதே வேலை.

செயினுக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். பின்னால் நெல் மூட்டை ஏற்றும் வண்டியில் 20 மில்லிமீட்டருக்குக் கிட்டவே வைப்பது நல்லது, பாரம் ஏறும்போது செயின் இறுகி ஷாஃப்டை ஒரு பக்கம் இழுக்கும், சீலின் உதடு அந்தப் பக்கமே தேயும். முழுச் செயின் கவரைக் கழற்றி எறிந்துவிட்டு "ஸ்டைல்" என்று ஓட்டுபவர்கள் சீலுக்கு வருடா வருடம் செலவழிக்கட்டும். சேவிஸ் நிலையத்தில் தண்ணீர்த் துப்பாக்கியை ஸ்ப்ரொக்கட் பக்கம் நேராகப் பிடிக்க விடாதீர்கள். மணலை உதட்டுக்குள் தள்ளுவது அதுதான்.

கசிகிறது என்பதற்காகத் தடித்த ஒயில் ஊற்றுவதில் பயனில்லை. ஜாசோ எம்ஏ (JASO MA, ஒயிலில் நனையும் கிளட்ச்சுக்கான ஜப்பானியத் தரம்) தரமுள்ள ஒயில் போடுங்கள், கிளட்ச் அதே ஒயிலில்தான் நனைகிறது. ஒயில் மட்டம் பார்க்கும் கோலைத் திருகுப் புரியில் சுற்றாமல் சும்மா வைத்து அளக்க வேண்டும். சுற்றி அளந்தால் இருப்பதை விட அதிகம் காட்டும், ஒயில் குறைந்தே ஓடுவீர்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் உள் அழுத்தம் ஏறிச் சீலைத் தள்ளும். சீல் நன்றாக இருந்தும் கசிவு நிற்காவிட்டால் மூச்சுக் குழாயின் நுனியைப் பாருங்கள். சேறு அடைத்திருக்கும், கனநாள் நின்ற வண்டியில் குளவி மண் கூடு கட்டியிருக்கும். குழாய் சுத்தமாக இருந்தும் அதன் வழியே நீலப் புகை அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து அழுத்தம் கீழே இறங்குகிறது. அப்போது சீலுக்குச் செலவழிப்பதை நிறுத்தி ரிங்கைப் பார்க்க வேண்டும்.

மாரியில், கார்த்திகை மார்கழி வெள்ளத்தில், தாம்போதி (வெள்ளம் மேலால் பாயும் தாழ்ந்த பாதை) கடப்பவர்களுக்கு வேறு ஒரு கேடு உண்டு. சூடான என்ஜின் திடீரென நீரில் இறங்கிக் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் உதடு வழியாகவும் மூச்சுக் குழாய் வழியாகவும் தண்ணீரை இழுக்கும். கரை ஏறியதும் ஒயில் கோலை எடுத்துப் பாருங்கள். பால்தேநீர் நிறம் தெரிந்தால் ஸ்டார்ட் பண்ண வேண்டாம். ஒயிலை வடித்து, புது ஒயில் விட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதையும் வடித்து, மறுபடி முக்கால் லீற்றர் அளவில் ஊற்றிக் கோலால் சரிபார்த்த பிறகுதான் வீட்டுக்கு ஓட்ட வேண்டும்.