35,000 ரூபாய் போயிற்று, கண்ணாடி போகவில்லை

நேற்று மாலைதான் கடைசியாக அந்த மையத்தின் படியேறிவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். கை இன்னும் நடுங்குகிறது. பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மாமா பயமுறுத்துகிறார். லேசரில் கிட்டப்பார்வையைச் சரிசெய்யும் தனியார் மையம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். யாரும் என்னைப் போல ஏமாறாதிருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

எனக்கு வலக்கண்ணில் மைனஸ் 6.5, இடக்கண்ணில் மைனஸ் 7. ஆறாம் வகுப்பில் கரும்பலகை மங்கிய நாளிலிருந்து கண்ணாடிதான். மழையில் வண்டி ஓட்டினால் எதிரே வரும் விளக்கெல்லாம் பூசணிப்பூவாக விரியும். மூன்று வருடமாகப் பகலில் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறேன்.

அங்கே மருத்துவரைப் பார்க்கும் முன்பே ஆலோசகர் என்று ஓர் அம்மா உட்காரவைத்துப் பேசினார். "என் தங்கைக்கும் உங்களை மாதிரிதான் தம்பி. காலையில் போனாள், சாயங்காலம் எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரில் ராகுகாலம் படித்தாள்." நான் விழுந்தது அந்த ராகுகாலத்தில்தான். இரண்டு கண்ணுக்கும் லேசிக் என்ற லேசர் சிகிச்சைக்கு 70,000, பாதியை இன்றே கட்டினால்தான் இந்த விலை, நாளைக்கு 90,000 என்றார். எந்தப் பரிசோதனையும் நடக்கவில்லை. 35,000 ரூபாயைக் கைப்பேசியிலேயே அனுப்பினேன்.

பணம் போன பிறகுதான் கருவிழியை அளக்கும் ஸ்கேன். லென்ஸைக் கழற்றி டப்பாவில் போட்டேன். பத்து நிமிடத்தில் கருவியின் முன் தாடையை வைக்கச் சொன்னார்கள். லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே மாற்றி வைத்திருக்கும், ஓரிரு வாரமாவது கழற்றிவைத்த பிறகே அளக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றதே அந்த அம்மாதான்!

நான்கு நாள் கழித்து, அறுவை சிகிச்சை நாளன்று காலையில், கருவிழியின் தடிமன் 482 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), மெல்லியது, லேசர் முடியாது என்றார்கள். அதே மூச்சில், கண்ணுக்குள் லென்ஸ் பொருத்தும் ஐ.சி.எல். செய்துகொள்ளலாம், ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகும், கட்டிய 35,000-ஐ அதில் கழித்துக்கொள்கிறோம் என்றார்கள். வேண்டாம், பணத்தைக் கொடுங்கள் என்றேன். அன்று மேலாளர் விடுப்பில் இருந்தார். அடுத்த வாரம் கோப்பு கணக்குப் பிரிவுக்குப் போயிருந்தது. அதற்கடுத்து ஏழு வேலை நாள். நேற்று ரசீதைத் திருப்பிக் காட்டினார்கள். பின்பக்கம் எறும்பு அளவு எழுத்தில், முன்பணம் திருப்பித் தரப்படாது. மைனஸ் 7 உள்ளவன் படிக்கிற எழுத்தா அது? தங்கை கதை சொன்ன அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இதற்கிடையில் இரண்டு வாரம் லென்ஸ் இல்லாமல் இருந்து வேறொரு கண் மருத்துவமனையில் காட்டினேன். எல்லாப் பரிசோதனைக்கும் சேர்த்து 2,500 ரூபாய். அந்த மருத்துவர் சீட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டார்: 482-இல் லேசருக்கு வழிவிட வெட்டித் திறக்கும் மேல் மடலுக்கு 110, பவரைச் சரிசெய்ய லேசர் செதுக்குவது சுமார் 100 போனால் மீதி சுமார் 270 மைக்ரான். 250-க்குக் கீழே போகவே கூடாது, நான் 300 இல்லாமல் தொடமாட்டேன் என்றார். "கண்ணைக் கசக்குவீர்களா?" என்று கேட்டபோது கசக்கிக்கொண்டுதான் இருந்தேன். கருவிழியின் கீழ்ப்பகுதி லேசாகப் புடைத்திருக்கிறதாம். கூம்பு வடிவம் எடுக்கும் நோயின் தொடக்கமாக இருக்கலாம், ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும். அதுவரை லேசர், ஐ.சி.எல். எதுவும் கிடையாது, கண்ணாடி போதும். அதோடு சொட்டு மருந்து விட்டு விழித்திரையையும் பார்த்தார். இவ்வளவு கிட்டப்பார்வை இருந்தால் விழியே நீண்டிருக்கும், கண்ணாடியைக் கழற்றினாலும் நீண்டுபோன விழி நீண்டதுதான், விழித்திரை கிழியும் ஆபத்து லேசரால் போகாது என்றார். 35,000 வாங்கியவர்கள் அந்தச் சொட்டு மருந்தை எடுக்கவே இல்லை.

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. ஸ்கேன் முடிவு கையில் வராமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ஓரிரு வாரம் முன்பே லென்ஸைக் கழற்றிவிட்டுப் போங்கள். ஒரு வருடமாவது பவர் மாறாமல் இருக்கிறதா பாருங்கள். பேசுவது மருத்துவரா, விற்பனையாளரா என்று கேளுங்கள். ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள். நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிய வேண்டும். 35,000 ரூபாய் ரசீதை நகலெடுக்கக் கடை திறக்கக் காத்திருக்கிறேன்.