சென்னையில் ஸ்கேட்டிங்: மால் ஐஸை விடுங்கள், சக்கரத்தைக் கட்டுங்கள்

டொராண்டோவிலிருந்து லீவுக்கு வரும் பிள்ளைகள் ரெண்டாம் நாளே "இங்க ஐஸ் ரிங்க் இல்லையா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். இருக்கிறது என்று ஒரு மாலில் பெரிய போர்டு. மேலே போனால் டோக்கன், புது சாக்ஸ் கட்டாயம், அரை மணிக்கு ஒரு கட்டணம். உள்ளே விரித்திருப்பது ஐஸ் அல்ல, வெள்ளைப் பாலிஎதிலீன் பலகைகள். அதுகூடப் பரவாயில்லை, நல்ல பிளேடு இருந்தால் அதிலும் ஓரளவு சறுக்கலாம். பிளேடுதான் வினை.

"தம்பி, இது எப்ப தீட்டினது?"

"வாங்குனதுல இருந்து தீட்டவே இல்ல சார், புதுசு மாதிரியே வெச்சிருக்கோம்" என்றார் கவுண்டர் பையன், பெருமையாக. வேண்டுமானால் தெருவில் சாணை பிடிக்கிறவரிடம் கொடுத்து வாங்கிவிடலாம் என்றும் சொன்னார். ஐயோ, வேண்டாம்!

ஐஸ் ஸ்கேட் பிளேடின் அடி தட்டையாக இருக்காது. நீளவாக்கில் நடுவே மெல்லிய பள்ளம், அதன் இருபுறமும் விளிம்பு. பெரும்பாலும் அரை அங்குல ஆரமுள்ள வளைவாக அந்தப் பள்ளத்தைக் கடைவார்கள். அரிவாளுக்குப் பிடிக்கிற சாணையில் கொடுத்தால் பள்ளமே அழிந்துபோகும். விளிம்பு மழுங்கினால் உந்துகிற கால் பக்கவாட்டில் வழுக்கும், நிற்கப் பார்த்தாலும் பிடிக்காது. நிஜ ஐஸில் பதினைந்து, இருபது மணி நேரம் தாங்கும் கூர், பிளாஸ்டிக்கில் உராய்வும் சூடும் அதிகம் என்பதால் சில மணி நேரத்திலேயே போய்விடும். அதாவது இங்கேதான் அடிக்கடி தீட்ட வேண்டும். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் கனடியன் டயர் கடையில் கொடுத்தால் சில டாலரில் வேலை முடியும். நகரசபையின் திறந்தவெளி ரிங்குகளில் நுழையக் காசே கிடையாது. இங்கே கொடுத்த காசுக்குப் பிள்ளை நடந்துதான் பழகியது என்றால் எரிச்சல் வராதா?

அப்படியும் போவதென்றால், காலில் மாட்டுமுன் ரெண்டு சோதனை. நகத்தை விளிம்பின் குறுக்கே இழுங்கள். வெள்ளைப் பொடி சீவி வரவேண்டும். ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்து, பிளேடின் குறுக்கே ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். நாணயம் சாய்ந்தால் ஒரு விளிம்பு உயரம். கால் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். பிறகு தரை. இந்தப் பலகை பத்து மீட்டர் நீளத்துக்கு, பத்து டிகிரி சூடேறினால் ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர்வரை நீளும். சுவரோரம் இடைவெளி விடாமல் முட்டக்கொடுத்துப் போட்டிருந்தால் ஏசி நின்றதும் இணைப்புகளில் மேடு தட்டும். ஓரமாக நடந்து காலால் தடவிப் பாருங்கள். மேடு இருந்தால் சின்னப் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

நிஜ ஐஸ் வேண்டுமென்றால் வடக்கே போகணும்: 1920 முதல் இருக்கும் சிம்லாவின் இயற்கை ரிங்க், 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக டேராடூனில் கட்டிய அரங்கு.

சென்னை சக்கர ஸ்கேட்டிங்கின் ஊர். 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்டாய்ஹேயில் 1000 மீட்டர் உலக சாம்பியனான ஆனந்த்குமார் வேல்குமார் இங்கத்திப் பையன். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ரிலே வெண்கலம் வாங்கிய ஆரத்தி கஸ்தூரிராஜும் இந்த ஊர்தான். அண்ணாநகர் டவர் பார்க், ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்கா என்று பூங்காக்களிலேயே ரிங்க் இருக்கிறது. கோச்சிங் பேட்ச் நடக்கும் நேரத்தில் நடுவே புகாமல், பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். ஸ்கேட் வாடகைக்குக் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம், கொண்டுபோங்கள்.

பெசன்ட் நகர் பீச் ரோட்டில் விடியற்காலைக் காற்றில் ஓடுகிற சுகம் ஒண்டாரியோ ஏரிக்கரையில் கிடைக்காது. ஆனால் மணலும் உப்பும் பேரிங்குக்கு எமன். சக்கரத்தைச் சுண்டினால் கரகரவென்று சத்தம் வந்தால் அன்றைக்கே கழற்றுங்கள். மூடித்தகட்டை ஊசியால் நெம்பி எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் குலுக்கி, நன்றாகக் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, பிசுபிசுத்து மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புதிதாக வாங்குவதானால் 608 என்று கேளுங்கள்: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர். மோட்டார், பேரிங் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் அளவு.

ஸ்கேட்போர்டுக்காரர்கள் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போகலாம். ஸ்கேட்போர்டு வீராங்கனை கமலி மூர்த்தி வளர்ந்த அந்தக் கடற்கரையில் அலைச்சறுக்கும் போர்டும் கூடப்பிறந்தவை. ஊர்ச் சாலைக்கு 52 மில்லிமீட்டர் விட்டம், 99ஏ (ஏ என்பது கெட்டித்தன்மையின் அளவு) கெட்டிச் சக்கரம் பல்லைக் கிட்ட வைக்கும். 56க்கு மேல், 78ஏ மென்சக்கரம் மாட்டுங்கள். போர்டின் நட்டுகளைக் கழற்றும் டி-டூலை மறக்காமல் பெட்டியில் போடுங்கள். இங்கே மெக்கானிக் கையில் இருப்பது மில்லிமீட்டர் ஸ்பேனர். சக்கர நட்டுக்கு 13 பொருந்திவிடும். அச்சைப் பிடித்திருக்கும் கிங்பின் போல்ட்டின் நட்டு பதினாறில் ஒன்பது அங்குலம், அதாவது 14.3 மில்லிமீட்டர்; 14 நுழையாது, 15 போட்டால் நட்டின் முனை தேய்ந்து உருண்டுவிடும்.