பழைய நகைச்சுவைப் படமா, பழைய தொலைக்காட்சித் தொடரா?

வேலை முடிந்து மின்சார ரயிலில் கசங்கி வீடு திரும்பும் சென்னைவாசிக்கு, முன்பே பார்த்துச் சிரித்த ஒன்றை மறுபடி பார்ப்பதில் ஒரு நிம்மதி உண்டு. 1964இல் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’யைப் போடுவதா, நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’ தொடரைப் போடுவதா என்பதில்தான் தயக்கம்.

நேரம்: படத்திற்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் வேண்டும். தொடரில் ஒரு பகுதியை இரவு உணவுக்குள் முடித்துவிடலாம்.

காட்சித் தரம்: படம் ஈஸ்ட்மென் வண்ணத்தில் எடுக்கப்பட்டது, பெரிய திரையிலும் கண்ணை உறுத்தாது. தொடர் கைப்பேசித் திரைக்கே பொருத்தம்.

மறுமுறை தரும் சுவை: நாகேஷ் பேய்க்கதை சொல்லச் சொல்ல பாலையாவின் முகம் வெளிறும் காட்சியில், அடுத்து வருவது மனப்பாடமாகத் தெரிந்திருந்தும், நாகேஷை விட்டுப் பாலையாவை மட்டுமே கவனித்தால் அது புதிய காட்சியாகிவிடுகிறது (என் கணிப்பில் அங்கே வெல்பவர் பாலையாதான்). தொடரின் சுவையோ வேறு வகை. கணவன் மனைவிக்கிடையே எழும் சில்லறைச் சச்சரவுகள் நம் வீட்டுப் பேச்சைப் போலவே ஒலிப்பதால், பாதியில் எழுந்து அடுப்பைக் கவனித்துவிட்டு வந்தாலும் இழை அறுவதில்லை.

பாட்டி முதல் பேரன் வரை ஒன்றாக அமரும் ஞாயிறு மதியத்திற்குப் படத்தையே தேர்ந்தெடுப்பேன். தனியாக, களைத்து, தூக்கம் வரும்வரை ஒரு துணைக்குரல் போதும் என்பவர்களுக்குத் தொடரே ஏற்றது.